பூட்டும் எழுத்தும்: கணினியில் ஒரு தமிழ் நாட்குறிப்பு

2020 செப்டம்பர் 2 அன்று மத்திய நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஒரு குறிப்பாணை வெளியிட்டது. அமைச்சகங்கள், துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், பொதுத்துறை வங்கிகள் ஆகிய எவையும் இனிச் சுவர்க் காலண்டர், மேசைக் காலண்டர், டைரி, பண்டிகை வாழ்த்து அட்டை போன்றவற்றை அச்சிடக் கூடாது. எல்லாம் டிஜிட்டல் வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பொதுத்துறை நிறுவனமே ஊராக இருக்கும் நெய்வேலி நகரியத்துக்கு அந்த மாதம் இன்னொரு முடிவையும் கொண்டுவந்தது. 1962 முதல் மின்சாரம் தந்துவந்த 600 மெகாவாட் முதலாம் அனல் மின் நிலையம் செப்டம்பர் கடைசியில் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அவ்வளவு பெரிய இழப்பின் பக்கத்தில் ஒரு டைரி எம்மாத்திரம் என்று தோன்றும். ஆனால் ஒரு சாதாரண மனிதன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ள நம் நாட்டில் இலவசமாகக் கிடைத்த இடம் அந்தப் பொதுத்துறை டைரிதான். அதை எடுத்துக்கொண்ட அரசு, கணினியில் எழுதிக்கொள் என்றது. கணினியில் எழுதினால் என்ன ஆகும் என்பதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

அந்தக் குறிப்பாணைக்கு முன்பெல்லாம் டிசம்பர் கடைசியில் வங்கி டைரி, எல்.ஐ.சி. டைரி, கம்பெனி டைரி என்று உத்தியோகஸ்தர் வீடுகளுக்கு இரண்டு மூன்று வந்துசேரும். முன்பக்கங்களில் விடுமுறைப் பட்டியலும் அளவைமாற்று அட்டவணையும் இருக்கும். அப்புறம் நாளுக்கொரு பக்கம். பெரும்பாலும் அதில் பால் கணக்கும் சீட்டுப் பணமும் ஷிப்ட் மாறிய விவரமும்தான் ஏறும். சிலர் மட்டும் அந்தக் கணக்குகளுக்கு நடுவே, அல்லது கணக்கே எழுதாமல், தங்கள் மனத்தை எழுதினார்கள். சுரங்கத்திலும் மின் நிலையத்திலும் எழுதுவது புதிதல்ல. ஒவ்வொரு ஷிப்டும் லாக் புத்தகத்தில் அளவீடுகளையும் பழுதுகளையும் குறித்து, அடுத்த ஷிப்ட்காரரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வீடு திரும்பும். லாக் புத்தகம் அடுத்தவர் படிப்பதற்காகவே எழுதப்படுவது. அதில் எழுதியவரின் பயமோ கோபமோ இடம்பெறாது. அவை எங்கேயாவது போக வேண்டும் அல்லவா?

நெய்வேலி நகரியத்தில் அந்தரங்கம் எளிதில் கிடைக்கிற பொருளல்ல. 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரும்பழுப்புப் பொருள் கிடைத்ததில் தொடங்கி, 1956 நவம்பர் 14 அன்று பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாகி, 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்து, பல கிராமங்கள் இடம்பெயர்ந்த நிலத்தில் எழுந்த ஊர் இது. எண்ணிட்ட வட்டங்கள் என்ற குடியிருப்புப் பிரிவுகள், பதவிக்கேற்ற குவார்ட்டர்ஸ். பக்கத்து வீட்டுக்காரர் அதே பிரிவில் வேலை பார்ப்பவர். எதிர்வீட்டுக்காரர் மேலதிகாரியாக இருக்கலாம். பிள்ளைகள் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். மாலையில் எல்லோரும் சந்திப்பது ஒரே பஜாரில். அலுவலகத்தில் நடந்தது வீட்டுக்கும், வீட்டில் நடந்தது அலுவலகத்துக்கும் ஒரே நாளில் போய்ச் சேரும். இங்கே உள்ளதை உள்ளபடி எழுதிவைக்கும் ஒருவர், அதைக் கண்டெடுக்கக் கூடியவர் முன்பின் தெரியாத திருடன் அல்ல, தினமும் முகம் பார்க்கிறவர் என்பதை அறிந்தே எழுதுகிறார். கணினி இவருக்கு முதலில் ஒரு பெரிய நிம்மதியாகவே வந்திருக்கும். பீரோவில் துணிகளுக்கு அடியில் நோட்டை ஒளித்துவைக்க வேண்டாம். கடவுச்சொல் போட்டால் போதும்.

அப்படி எழுதுவதற்கு ஒரு பயன் உண்டு என்பதை உளவியல் ஆராய்ச்சி ஓரளவு காட்டியிருக்கிறது. 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதவைத்தார்கள். தங்கள் வாழ்க்கையின் வேதனையான அனுபவத்தை, நடந்ததையும் அப்போது மனத்தில் எழுந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். பின்னால் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பலனைக் காட்டவில்லை. ஆனாலும் எழுதியது தங்களுக்கு எதிராகத் திரும்பாது என்ற நம்பிக்கை அந்த மாணவர்களுக்குத் தரப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் மனிதர்கள் தங்கள் டைரியிலேயே பொய் எழுதுவார்கள்.

இந்த நம்பிக்கையோடு எழுதிய தமிழர்களில் நமக்கு நன்றாகத் தெரிந்தவர் நெய்வேலிக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில், புதுச்சேரியில் வாழ்ந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் தாம் இறக்கும் காலம் வரை எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேக்சின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், அவர். சந்தை நிலவரம், கப்பல் வருகை, போர்ச் செய்தி எல்லாவற்றுடனும், தூப்ளேக்சின் மனைவி தமக்கு எதிராகச் செய்தவை என்று தாம் கருதியவற்றையும் மனக்கசப்போடு பதிந்தார். அந்த அம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்து தமிழ் பேசத் தெரிந்தவர். ஆளுநர் மாளிகையின் வாசலில் நிற்கும் ஒருவர் ஆளுநரின் மனைவியைப் பற்றி அப்படி எழுதிவைப்பது உயிரோடு விளையாடுவது. அவரிடம் இருந்த பாதுகாப்பு வீட்டுக் கதவு ஒன்றுதான்.

அவர் இறந்த அதே மாதம், 1761 ஜனவரி 16 அன்று, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் நகரமும் இடிக்கப்பட்டன. அந்த ஏடுகள் தப்பியது பெரிய காரியம். 1846இல் கலுவா மோம்ப்ரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறிந்து படியெடுத்தார். அரியேல் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரும் படியெடுத்தார், அவருடைய சேகரிப்பு பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போனது. 1904க்கும் 1928க்கும் இடையில் சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியது 1948இல்தான். நடுவே பல மாதங்கள், சில ஆண்டுகள் கிடைக்காமலே போய்விட்டன. கிடைத்ததை மட்டும் எந்தத் தமிழ் தெரிந்தவரும் சிறிது பழகிப் படித்துவிடலாம். எழுதப்பட்டு நூறாண்டு கழித்து எடுத்தபோதும் காகிதமும் மையும் கண்ணும் போதுமானதாக இருந்தன.

கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு இருபது ஆண்டுகூட அந்த வசதி இருக்கவில்லை. கணினி டைரி என்றதும் எல்லோரும் அடுத்தவர் படித்துவிடுவாரே என்று அஞ்சுகிறார்கள். நாமே படிக்க முடியாமல் போய்விடும் என்ற ஆபத்து அதைவிடப் பெரியது, அதைவிட அதிகம் நடப்பது என்பது என் கருத்து. தமிழுக்கு இந்த ஆபத்து வந்த வரலாறு தனியானது.

1990களில் ஒரு தமிழர் தம் வீட்டுக் கணினியில் தமிழ் எழுத விரும்பினால் எழுத்துரு ஒன்றை நிறுவிக்கொள்வார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் தந்த 'மயிலை', இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவிய 'பாமினி', அச்சகங்களில் 'ஸ்ரீலிபி', அரசு அலுவலகங்களில் 'வானவில்' என்று பல இருந்தன. இவை எல்லாவற்றிலும் கணினியைப் பொறுத்தவரை சேமிக்கப்பட்டது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். அந்த ஆங்கில எழுத்தின் உருவத்துக்குப் பதிலாகத் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் உருவம் என்பதை ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தம் விருப்பப்படி முடிவு செய்தார். எழுத்துரு இருக்கும் வரை எல்லாம் சரியாகத் தெரியும். கணினி மாறி, எழுத்துரு வராமல் கோப்பு மட்டும் வந்தால், திரையில் நிறைவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பார்த்தால் அதைவிட மோசம்: தமிழ் எழுத்துகளே தெரியும், ஒரு சொல்லும் புரியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாகத் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் 'டாம்', 'டாப்' என்ற இரண்டு குறியேற்றங்களையும் தரப்படுத்தியது. இணையத்தில் இயங்கியவர்கள் 'டிஸ்கி' என்ற இன்னொன்றை வளர்த்தார்கள். இவை நடந்துகொண்டிருந்தபோதே, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமான யூனிகோட் வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. வீட்டுக் கணினியில்தான் அது வேலை செய்யவில்லை. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்த பிறகே யூனிகோட் தமிழ் சாதாரணப் பயனருக்கு எட்டியது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தன் தரமாக ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில். ஆக, 1995இலிருந்து 2005 வரையாவது தமிழில் கணினி நாட்குறிப்பு எழுதியவர்களில் பெரும்பாலோர் தம்மை அறியாமல் ஒரு சங்கேத மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதன் திறவுகோல் ஒரு எழுத்துருக் கோப்பு. பழைய கணினியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தபோது அது போய்விட்டது.

இதற்கு மருந்து உண்டு என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாகத் தந்த என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் பாமினி, டாம், டாப், டிஸ்கி, ஸ்ரீலிபி, வானவில் எழுத்துகளை யூனிகோடுக்குக் கொண்டுவரும். எழுத்துருவின் பெயர் நினைவில் இல்லை என்றாலும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. ஒவ்வொரு குறியேற்றத்தையும் முயன்று பார்த்தால், சரியானது வந்ததும் உரை தானே சொல்லிவிடும். பழைய ஃப்ளாப்பியிலோ சிடியிலோ இப்படி ஏதாவது வைத்திருப்பவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடாமல் செய்துவிட வேண்டும். மாற்றிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் சொற்பம்.

யூனிகோட் வந்த பிறகும் ஒரு பள்ளம் இருந்தது. விண்டோஸின் நோட்பேட் செயலி நீண்ட காலம் கோப்புகளை 'ஆன்சி' என்ற பழைய முறையிலேயே சேமிக்க முன்வந்தது. தமிழில் எழுதிவிட்டு அப்படியே சேமித்தால், சில எழுத்துகள் இழக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றும். அதைப் படிக்காமல் 'ஓகே' அழுத்தினால் அவ்வளவுதான்: ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும். இதற்கு மாற்றி கிடையாது. எழுத்துருச் சிக்கலில் எழுத்து மறைந்திருக்கிறது, இதில் அழிந்தே போகிறது. 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டில்தான் யூனிகோடின் யு.டி.எஃப்-8 முறை நோட்பேடின் இயல்பான தேர்வானது. ஆங்கிலத்தில் டைரி எழுதியவர்களுக்கு இப்படி ஒரு பள்ளம் இருந்ததே தெரியாது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, என் பரிந்துரை மிக எளிமையானது: யூனிகோடில், வெறும் உரைக் கோப்பாக எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு கோப்பு, பெயரில் ஆண்டும் மாதமும். நோட்பேடில் ஒரு சின்ன வசதி இருக்கிறது. கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளியும், அதை ஒட்டி 'லாக்' என்பதற்கான மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் தட்டி வைத்தால், அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கடைசியில் அன்றைய தேதியும் நேரமும் தாமே வந்து உட்காரும். ஷிப்ட் லாக் எழுதிப் பழகிய கைகளுக்கு அது பிடிக்கும். டைரிக்கென்றே விற்கப்படும் அழகிய செயலிகள் படங்கள், வானிலை, மனநிலைக் குறிகள் என்று பலவும் தருகின்றன. அந்த நிறுவனம் மூடிய அன்று நம் வாழ்க்கை அதன் கோப்பு வடிவத்துக்குள் சிக்கிக்கொள்ளும். தொடங்கும்போதே, எழுதியது அனைத்தையும் வெறும் உரையாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதிக்காமல் எதிலும் நுழையக் கூடாது.

அளவைப் பற்றிக் கவலையே வேண்டாம். யு.டி.எஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். சொல்லுக்குச் சராசரி எட்டுக் குறியீடும் ஓர் இடைவெளியும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 300 சொல் எழுதுபவருக்கு ஆண்டுக்கு 2.7 மெகாபைட் போதும். பழைய ஃப்ளாப்பி இரண்டு. ஐம்பது ஆண்டு எழுதினாலும் 140 மெகாபைட்டைத் தொடாது. 700 மெகாபைட் சிடி ஒன்றில் கால் பங்கைக்கூட நிரப்பாது. இவ்வளவு சிறியதற்கு மூன்று படிகள் எடுத்து மூன்று இடத்தில் வைக்காமல் இருக்க எந்தக் காரணமும் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த தானே புயலில் நெய்வேலி நகரியத்தின் நிழல்மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. நெய்வேலி இருக்கும் கடலூர் மாவட்டத்தில் பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. 2015 நவம்பரில் வெள்ளம். இந்த மாவட்டத்தில் வாழ்கிறவர் ஒரு படியாவது வேறு ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

இனிப் பூட்டு. இதைப் பற்றிப் பல நம்பிக்கைகள் உலவுகின்றன, பெரும்பாலானவை தவறு. கணினியைத் திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல், வன்தட்டு மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்படாத கணினியில், உள்ளே இருக்கும் கோப்புகளைக் காக்காது. தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எல்லாம் திறந்தே கிடக்கும். பழுதுபார்க்கும் கடைக்குப் போகும் ஒவ்வொரு கணினிக்கும் இது பொருந்தும். கோப்புறையை 'மறைத்து' வைப்பது, 'அலுவலக வரவு செலவு' என்று பெயர் மாற்றி வைப்பது இரண்டும் வீட்டில் இருப்பவர்களின் ஆவலைத் தூண்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யா. வேர்ட் 97இலிருந்து 2003 வரையிலான கோப்புகளில் போட்ட கடவுச்சொல்லும் அப்படித்தான். அது பயன்படுத்திய 40 பிட் திறவுகோலுக்கு மொத்தமே சுமார் 1.1 லட்சம் கோடி சாத்தியங்கள்தான். இன்றைய கணினிக்கு அது சிறிய எண். வேர்ட் 2007இல் ஏ.இ.எஸ். என்ற வலுவான மறையாக்க முறை வந்து நிலைமை மாறியது.

உண்மையான பூட்டு என்பது மறையாக்கம் மட்டுமே. வெராகிரிப்ட், செவன்-ஜிப், லிப்ரே ஆபீஸ் மூன்றும் இலவசம், மூன்றும் ஏ.இ.எஸ். 256 பிட் தருகின்றன. இதைச் செய்துவிட்டால் கோப்பை யார் எடுத்துப் போனாலும் கவலையில்லை, கடவுச்சொல் நன்றாக இருக்கும் வரை. நகரியம் போன்ற ஊரில் 'நன்றாக' என்பதற்குத் தனிக் கடுமை தேவை. பணியாளர் எண், வட்டமும் வீட்டு எண்ணும், வண்டி எண், மகளின் பிறந்தநாள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரருக்கு மனப்பாடம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைப்பதே வலுவானது, நினைவிலும் நிற்கும்.

அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசை நியாயமானது. ஆனால் 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்கொம்பும் பின்காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எல்லாப் பூட்டும் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. ஒரு விசைப்பலகையில் வைத்த கடவுச்சொல் இன்னொரு விசைப்பலகையில் திறக்காமல் போகலாம். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுவது பாதுகாப்பானது, ழகரத்துக்கும் நெடிலுக்கும் எந்த எழுத்தைப் போடுகிறோம் என்பதை மட்டும் என்றைக்கும் மாற்றாமல் இருந்தால்.

கோப்பைப் பூட்டியது போதுமா என்றால், போதாது. எழுதும் கருவி நாம் கேட்காமலே படிகள் எடுத்துக்கொண்டிருக்கிறது. வேர்ட் தன் தற்காலிகக் கோப்புகளை எங்கோ வைக்கிறது, அண்மையில் திறந்தவற்றின் பட்டியலைக் காட்டுகிறது. விண்டோஸ் 11 நோட்பேட் சேமிக்காத உரையையும் நினைவில் வைத்து, அடுத்த முறை திறக்கும்போது முன்னால் விரிக்கிறது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்த 'ரீகால்' என்ற வசதி, சில நொடிகளுக்கு ஒருமுறை திரையையே படம்பிடித்து வைத்துக்கொள்வது. எதிர்ப்பு வலுத்ததால் தள்ளிப்போய், பயனர் விரும்பினால் மட்டும் இயங்கும் வகையில் 2025 ஏப்ரலில் குறிப்பிட்ட சில புதிய கணினிகளுக்கு வந்தது. பூட்டிய கோப்பு திறந்து திரையில் இருக்கும்போது எடுத்த படத்தைக் கோப்பின் பூட்டு தடுக்காது. கைபேசியில் எழுதுவோருக்கு இன்னொரு தொல்லை. விசைப்பலகைச் செயலி நாம் அடிக்கடி தட்டும் பெயர்களைக் கற்றுக்கொள்கிறது. நள்ளிரவில் டைரியில் எழுதிய ஒருவர் பெயரை மறுநாள் குடும்பக் குழுவில் தட்டும்போது முதல் பரிந்துரையாக நீட்டக்கூடும். ஆகவே முழு வன்தட்டையும் மறையாக்கம் செய்த, வேறு யாரும் புழங்காத கணினியில், இணையத்தோடு ஒத்திசையாத கோப்புறையில் எழுதுவதே சரி. ஒரே கணினியை வீடு முழுக்கப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தில் இது முடியாது என்பது எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவர், குறிப்பாகப் பெண்கள், மறையாக்கம் செய்த பென் டிரைவ் ஒன்றைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளலாம். அலுவலகக் கணினியை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது. அது நிறுவனத்தின் பொருள். அதில் இருப்பதைப் பார்க்கும் வசதி நிறுவனத்திடம் உண்டு.

சட்டம் எந்த அளவு துணை நிற்கும்? இந்தியாவில் அந்தரங்க உரிமையின் வரலாற்றில் தமிழ்நாட்டு வழக்கொன்று முக்கியமான இடத்தில் இருக்கிறது. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தது. அதிகாரிகள் தடுக்க முயன்றார்கள். 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ராஜகோபால் வழக்கு எனப்படும் இந்த வழக்கில் தீர்ப்பளித்தது. தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றை அவர் ஒப்புதலின்றி யாரும் வெளியிட முடியாது. ஆனால் பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடத் தடையில்லை, அதிகாரிகள் முன்கூட்டித் தடுக்கவும் முடியாது என்றது நீதிமன்றம். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக உறுதி செய்தார்கள். மறுபக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அமைப்பு மறையாக்கத்தை நீக்கித் தரும்படி ஆணையிடும்போது உதவ மறுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிமனிதர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தரவுகளைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. நம் டைரியில் மற்றவர்களைப் பற்றி எழுதுவதை அது கேள்வி கேட்காது. அதனாலேயே அந்தப் பொறுப்பு முழுவதும் எழுதுபவரிடம் வந்து நிற்கிறது. சக ஊழியரின் கடன், தங்கையின் திருமணச் சிக்கல், நண்பரின் நோய் இவையெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கின்றன. நோட்டு ஒன்று தொலைந்தால் ஒருவர் கையில் கிடைக்கும். கோப்பு கசிந்தால் ஒரே மாலையில் எல்லா வட்டங்களுக்கும் போகும். பூட்டு அவர்களுக்காகவும்தான்.

நல்ல பூட்டு போட்டவருக்கு வரும் கடைசிச் சிக்கல், அவருக்குப் பிறகு என்ன என்பது. லண்டனில் சாமுவேல் பெப்பீஸ் 1660 முதல் 1669 வரை ஷெல்ட்டன் என்பவர் வகுத்த சுருக்கெழுத்தில் டைரி எழுதினார். 1703இல் அவர் இறந்த பின் அது கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரிக்குச் சேர்ந்து, படிக்க ஆளின்றி நூறாண்டு கிடந்தது. 1819இல் ஜான் ஸ்மித் என்ற இளைஞர் மூன்றாண்டு போராடி ஒவ்வொரு குறியாகப் பிரித்தறிந்தார். அந்தச் சுருக்கெழுத்தின் பாடநூல் அதே நூலகத்தில், பெப்பீஸின் புத்தகங்களோடு இருந்தது ஸ்மித்துக்குத் தெரியாது. சுருக்கெழுத்தை உழைப்பால் உடைக்கலாம். ஏ.இ.எஸ். 256ஐ எந்த உழைப்பாலும் உடைக்க முடியாது. கடவுச்சொல்லோடு போனவரின் டைரி அவரோடு போயிற்று. மென்பொருளும் நிலையில்லை: பத்தாண்டு காலம் உலகமே நம்பிய ட்ரூகிரிப்ட் என்ற மறையாக்கச் செயலியை 2014 மே மாதம் அதன் ஆக்குநர்கள் திடீரென்று கைவிட்டார்கள். வெராகிரிப்ட் அதன் வழித்தோன்றலாக வந்து அந்த வகைக் கோப்புகளைத் திறக்க உதவியது. இப்போதைய பதிப்புகள் அந்த உதவியையும் நிறுத்திவிட்டன. மேகக் கிடங்கை நம்புவோருக்கு: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நீக்கத் தொடங்கியிருக்கிறது. அதே நிறுவனம், கணக்கு செயலற்றுப் போனால் தரவு யாருக்குப் போக வேண்டும், அல்லது எல்லாம் அழிய வேண்டுமா என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதியை 2013 முதல் தருகிறது. மிகச் சிலரே அதைத் தொடுகிறார்கள்.

அழிய வேண்டும் என்று முடிவெடுப்பதும் மதிக்கத்தக்க முடிவு. எழுதியவருக்கு அந்த உரிமை உண்டு, வருங்கால வரலாற்றாசிரியர் எவ்வளவு வருந்தினாலும். ஆனால் முடிவு எடுக்கப்பட வேண்டும். நெய்வேலியில் அதற்கு ஒரு தேதியும் இருக்கிறது. ஓய்வுபெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். முப்பது ஆண்டு வாழ்ந்த வீட்டைச் சில வாரங்களில் பிரித்துக்கட்டி இந்திரா நகருக்கோ வடக்குத்துக்கோ வடலூருக்கோ போகிறார்கள். பழைய கணினி, கழற்றிய வன்தட்டு, பெயர் எழுதாத சிடி எல்லாம் அந்த நேரத்தில்தான் காயலான் கடைக்குப் போகின்றன. கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, ஓய்வூதிய வங்கிக் கணக்கு என்று எழுதும் பட்டியலில் இன்னும் மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியாயிற்றா? வீசப்போகும் தட்டுகளை முழுவதும் அழித்தாயிற்றா, இல்லை சுத்தியலால் உடைத்தாயிற்றா? டைரி எந்தச் செயலியால், எந்தப் பதிப்பால் பூட்டப்பட்டது, எங்கே இருக்கிறது, கடவுச்சொல் என்ன, யார் திறக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்தாயிற்றா? யாரும் திறக்க வேண்டாம் என்றால் அதையும் அந்தத் தாளில் எழுதிவிட்டு, கடவுச்சொல்லை மட்டும் எழுதாமல் விடலாம்.